இருபது அடியிலிருந்து இறங்கி வந்த வீடு

என் வீட்டுக்காரருக்கு 20 அடி உயரம் வேண்டும். எனக்குக் கழிப்பறை வேண்டும். எங்கள் மர வீட்டுக் கதையை இந்த இரண்டு வரியில் முடித்துவிடலாம். அது வீடாக மாற மட்டும் ஐந்து வருஷம் ஆனது.

இடம் கீழ்ப்பழனி மலையில். வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை, தடியன்குடிசை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் ரோட்டுக்குக் கீழே மாமனார் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர். காப்பி, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகு, ஓரமாக மூன்று பலா, சரிவின் நடுவில் ஒரே ஒரு நாவல். தகர ஷெட் ஒன்றைத் தவிர தங்க இடம் கிடையாது. 2017 கோடையில் அந்த ஷெட்டின் வெக்கையில் படுத்திருந்தபோதுதான் இவர், "மரத்து மேல கட்டிட்டா என்ன?" என்றார். தினைப்புனத்தில் கிளி விரட்டப் பரண் கட்டிய ஊர்க்காரர்கள்தானே நாம் என்று சமாதானம் வேறு. பரணில் ஒரு போகம் காவல் இருக்கலாம், குடித்தனம் நடத்த முடியுமா என்று நான் கேட்டேன். கேட்டேனே தவிர, எனக்கும் ஆசை வந்துவிட்டது.

முதலில் செய்த நல்ல காரியம், ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதியது. இவர் தாளில்: உயரம், நூலேணி, வீட்டுக்குள் மரம் வர வேண்டும், படுத்தால் நட்சத்திரம் தெரிய வேண்டும். என் தாளில்: கழிப்பறை, துணி காயப்போட இடம், குரங்கு திறக்க முடியாத அடுப்படி ஜன்னல், அத்தை ஏறி வர வழி. அத்தைக்கு, அதாவது இவர் அம்மாவுக்கு, அப்போதே 68 வயது, முழங்கால் தேய்மானம். இரண்டு தாளிலும் ஒன்றுபோல இருந்த ஒரே சொல் 'வராந்தா'. சரி, அதிலிருந்து ஆரம்பிப்போம் என்றோம்.

எந்த மரம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பலாதான். தடித்த அடிமரம், உறுதியான கட்டை. பக்கத்து ஊர் ஆசாரியைக் கூட்டிப்போய்க் காட்டினோம். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. கீழே கிடந்த காய்ந்த சாணத்தைக் காலால் புரட்டிப் பார்த்தார். "தாயி, ஆனி ஆடியில இங்க யானை வரும். பலாவுல வீடு கட்டுறது, யானைக்கு இலை போட்டுட்டு நாம பந்தியில குறுக்க உட்கார்ந்த மாதிரி." யானை வராவிட்டாலும், பத்துக் கிலோ பழம் ஒன்று நடுராத்திரி கூரையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நாங்கள் யோசித்திருக்கவே இல்லை.

அடுத்தது சில்வர் ஓக். நேராக, உயரமாக, வரிசையாக நிற்கிறது. இவர் நான்கு மரத்துக்கு நடுவே படமே போட்டுவிட்டார். அந்தப் படத்தை நாங்கள் கிழிக்க வேண்டியிருக்கவில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துப் பக்கம் கரையேறிய கஜா புயல், எங்கள் மலை வரைக்கும் வந்தது. ரோடு திறந்த பிறகு போய்ப் பார்த்தால், இவர் பென்சிலால் வட்டம் போட்ட நான்கில் இரண்டு மரங்கள் இடுப்பளவில் முறிந்து கிடந்தன, மிளகுக் கொடியோடு. நாவல் ஒரு கிளைகூட இழக்காமல் நின்றது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து தோட்டங்களுக்கு நிழலுக்காக வந்த மரம், சீக்கிரம் வளரும், காற்றில் சுலபமாக முறியும் என்பதை அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டோம்.

புயல் முடிந்த கையோடு, வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவைக் கூட்டிவந்தோம். மரத்தைச் சோதிக்க அவர் கொண்டுவந்தது ஒரு மரச்சுத்தி மட்டும். அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். பொந்து இருந்தால் சத்தம் மாறுமாம். வேர் பிரியும் இடத்தில் காளான் முளைத்திருக்கிறதா என்று மண்ணைக் கிளறினார். இரண்டு கிளைகள் ஒரே மட்டத்தில் கவட்டையாகப் பிரிந்து, நடுவில் பட்டை உள்வாங்கியிருந்தால் அந்த இடம் என்றைக்கும் பலவீனம், அதில் பாரம் வைக்காதே என்றார். நாவல் பாஸ்.

மரம் ஆடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு ஆடும்? எங்களுக்குக் கணக்குத் தெரியாது. அதனால் மிச்சமிருந்த இரண்டு சில்வர் ஓக்கில், ஒன்றில் 15 அடி உயரத்தில் ஒரு மூங்கிலைப் படுக்கையாகக் கட்டினோம். மூங்கிலின் மறுமுனையில், தையல்காரர் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை ரப்பர் பேண்டால் சுற்றி, அது அடுத்த மரத்தில் கட்டிய கறுப்புப் பலகையை உரசுகிற மாதிரி விட்டோம். ஆடிக் காற்றில் ஒரு வாரம் போகட்டும் என்று கீழே இறங்கிவிட்டோம். திரும்பி வந்து பார்த்தபோது பலகையில் கோடு இல்லை, வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது. நான்கு விரற்கடை நீளம். இரண்டு மரமும் ஒரே திசையில் சேர்ந்து ஆடவில்லை, தன் தன் இஷ்டத்துக்கு ஆடியிருக்கின்றன. நான்கு மரத்தில் நான்கு மூலையையும் இறுக்கி முடுக்கியிருந்தால், முதல் ஆடியிலேயே வீடு முறுக்கிய துணியாகியிருக்கும். இவர் அந்தப் பலகையை வெகுநேரம் பார்த்தார். "14 அடி போதும்" என்றார். முதல் இறக்கம் அது.

இரண்டாவது இறக்கம் பாரக் கணக்கில். இவர் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் என்பதால் தெரிந்த சிவில் இன்ஜினியர் தம்பி ஒருவர் இருந்தார். நாங்கள் கேட்டது 16க்கு 20, அதாவது 320 சதுர அடி. சுமார் 30 சதுர மீட்டர். கட்டடம் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்லும் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875-இன் படி வீட்டுத் தரை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்குகிற மாதிரி கணக்கிட வேண்டும் என்றார். ஆளும் சாமானும் மட்டும் ஆறு டன். பலகை, கூரை, இரும்பு எல்லாம் அதற்கு மேல். "இதில ஆயிரம் லிட்டர் டேங்க் வேறயா அண்ணி?" என்று என்னைப் பார்த்தார். அந்த ஒரு டேங்க் ஒரு டன். ஒற்றை நாவல் மரத்தின் தலையில் இதையெல்லாம் வைக்க முடியாது. கால் ஊன்றித்தான் ஆக வேண்டும். கால் ஊன்றினால் உயரத்துக்கு உயரம் செலவும் ஏறும், ஆட்டமும் ஏறும். எட்டடி என்று முடிவானது. இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எட்டடியில் கால் ஊன்றி நிற்பது மர வீடா, மாட்டுக்கொட்டகைக்கு மாடி போட்டதா என்று சண்டை. நியாயமான கேள்விதான். கொஞ்ச நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்புறம் கொரோனா வந்து எல்லாம் நின்றது.

ஊரடங்கில்தான் வரைபடம் உருப்பட்டது. தாளில் போட்டால் எல்லா அறையும் பெரிதாகத் தெரிகிறது. வாடகை வீட்டு மொட்டை மாடியில், டேப் பிடித்து, 16க்கு 20ஐ அப்படியே கோலமாவால் போட்டேன். சுவருக்கு இரட்டைக் கோடு, கதவுக்கு இடைவெளி, கட்டிலுக்குப் பாய், அடுப்படி மேடைக்கு ஒரு பெஞ்ச். மரம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் டிரம். சாயங்காலம் அதற்குள் குடித்தனம் நடத்தினோம். நான் அடுப்படியிலிருந்து தட்டோடு திரும்பினால் ஒவ்வொரு தடவையும் டிரம்மில் இடித்தேன். இவர் ராத்திரி கழிப்பறைக்குப் போவதாக நடித்துப் பார்த்து, என் பாயை மிதித்தார். கோலத்தை அழித்து அழித்து ஆறு தடவை போட்டிருப்பேன். ஏழாவது தடவை, டிரம்மை வீட்டுக்கு வெளியே வராந்தாவில் தள்ளினேன். இவர் ஒன்றும் சொல்லாமல் அதற்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்தார். காலையில் எறும்பு பாதி வீட்டைத் தின்றிருந்தது. அதற்குள் போட்டோ எடுத்து வைத்திருந்தோம்.

மரத்தை வெளியே தள்ளியதற்கு இன்னொரு காரணம் மழை. கூரையில் ஓட்டை போட்டு மரத்தை விட்டால், மேலே விழுகிற மழை கிளை வழியாகச் சேர்ந்து அடிமரத்தில் ஓடையாக இறங்கும். ஒரு ஐப்பசி மழையில் குடை பிடித்து நின்று பார்த்தோம், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. லாரி டியூபை வெட்டிப் பாவாடை கட்டி அடைக்கலாம் என்கிறார்கள். அடைக்கலாம், வருஷாவருஷம் மாற்ற வேண்டும். எறும்பை எந்த டியூபாலும் அடைக்க முடியாது.

உயரத்துக்கு விடை எனக்கு எதிர்பாராமல் கிடைத்தது. ஊரடங்கு தளர்ந்து மேலே போனபோது, அத்தை சரிவின் மேல்பக்கம் கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் கீழே நாவல் அடியில் நின்று பேசினேன். அண்ணாந்து பேச வேண்டியிருந்தது. அவர் கால் என் தலைக்கு வெகு மேலே. அப்போதுதான் உறைத்தது: நாங்கள் இத்தனை நாள் சமதரையில் வீடு வரைந்துகொண்டிருந்தோம். எங்கள் நிலத்தில் சமதரையே கிடையாது! மேல்பக்கத்து மண் மட்டத்திலேயே தரையைப் போட்டு, 12 அடி நடைபாலம் ஒன்று வைத்தால், அத்தை படி ஏறாமல் நேரே நடந்து உள்ளே வரலாம். சரிவு இறங்கிப் போவதால் வராந்தாவின் முன்விளிம்பு தன்னால் உயர்ந்து நிற்கும். இவர் டியூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய், பிடித்து அளந்தார். முன்விளிம்பில் 14 அடி. தண்ணீர் டேங்கையும் இன்னும் மேலே மண்ணிலேயே வைத்தால் அந்த ஒரு டன் தலைவலியும் போச்சு. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வீட்டின் பாரம் முழுக்கச் சரிவில் ஊன்றிய இரும்புக் கால்களில். வராந்தாவின் ஒரு உத்திரம் மட்டும் நாவலில். அதற்குத்தான் அதிகம் படித்தோம். மரத்தைச் சுற்றிக் கம்பியோ கயிறோ இறுக்கிக் கட்டுவதுதான் பெரிய கெடுதல். இலையிலிருந்து இறங்கும் சத்து பட்டை வழியாகத்தான் போகிறது, மரம் பருக்கப் பருக்கக் கட்டு கழுத்தை நெரிக்கும். நிறைய ஆணி அடிப்பதும் தப்பு. மரத்துக்கு நம் தோல் மாதிரிப் புண் ஆறி மறையாது, காயத்தைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்புக் கட்டி ஒதுக்கிவைக்கும். அதனால் நூறு சின்னக் காயத்தைவிடப் பெரிய காயம் ஒன்று மேல். அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்து மைக்கேல் கார்னியர் 90களில் கொண்டுவந்த, கழுத்தில் தடித்த வளையம் வைத்த போல்ட்தான் மர வீட்டுக்காரர்களுக்கு இப்போது வழக்கம். அந்த மாதிரிப் படத்தை எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறையில் ஒன்றேகால் அங்குல கனத்தில் இரண்டு கடைந்து வாங்கினோம். பட்டறைக்காரர், "எந்த மெஷினுக்குண்ணே?" என்றார். உத்திரம் அந்த போல்ட்டில் இறுக்கப்படவில்லை. நீள்துளையில் உட்கார்ந்திருக்கிறது, மரம் ஆடினால் வழுக்கும். சாக்குக்கட்டி சொன்ன நான்கு விரற்கடைக்கு மேலேயே துளையின் நீளம்.

இவருக்கு அதிலும் ஒரு கனவு இருந்தது. மரம் வளர வளர வராந்தா மேலே போகும், பேரன் காலத்தில் 20 அடி ஆகிவிடும் என்று. பெரியப்பா சிரித்தார். மரம் நுனியில்தான் நீளும், அடிமரம் பருக்கும், அவ்வளவுதான். அடித்த போல்ட் அடித்த உயரத்திலேயே இருக்கும்.

கழிப்பறையை மேல்பக்கம், மரத்திலிருந்து தள்ளி வைத்தோம். செப்டிக் டேங்குக்குக் குழி எங்கே என்பதுதான் அதில் முக்கியம். சத்தை உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண் இரண்டடிக்குள் கிளைநிழலையும் தாண்டிப் பரவியிருக்கும். அடிமரத்தின் விட்டம் ஓரங்குலம் என்றால் சுற்றிலும் ஓரடிக்குக் கடப்பாறை படக் கூடாது என்பது கைக்கணக்கு. எங்கள் நாவல் 26 அங்குலம், ஆக 26 அடி. கால்களுக்குக் குழி எடுத்தபோதும் அந்த வட்டத்துக்குள் வந்த இரண்டை மட்டும் மண்வெட்டி இல்லாமல் கையாலும் கொத்தாலும் எடுக்க வைத்தேன். கூலி கூட ஆனது.

காகித வேலையைப் பற்றிச் சுருக்கமாக. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமம் என்பதால் சாதாரண ஊராட்சி அனுமதி மட்டும் போதாது. மரம் வெட்டுவதற்கும் 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாங்கள் ஒரு மரமும் வெட்டவில்லை என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு அலுவலகத்தில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "ரிசார்ட்டா?" என்பது. இல்லை சார், மாமியார் இருக்கப் போகிறார் என்றேன். நம்பினார்களா தெரியவில்லை. அடுத்த கேள்வி, "கட்டடத்துக்கு எத்தனை தளம்?" மேலே பார்த்தால் தரைத்தளம், கீழே பார்த்தால் முதல் தளம். ஒன்று என்று எழுதினோம். மர வீடு என்ற சொல்லை விண்ணப்பத்தில் எங்கேயும் சேர்க்காதீர்கள் என்று இன்ஜினியர் தம்பி முதலிலேயே சொல்லியிருந்தார். நல்ல யோசனை.

2022 சித்திரையில் பால் காய்ச்சினோம். 6 லட்சம் என்று ஆரம்பித்தது 11 லட்சத்தில் முடிந்தது. பாதி இரும்புக்கும் அதை மேலே சுமந்து வந்த கூலிக்கும். இடிதாங்கியும் எர்த் குழியும் இவரே போட்டார். நட்சத்திரம் பார்க்கக் கூரையில் ஒரு சதுரத்துக்குக் கண்ணாடித் தகடு. ஆனி மாதம் அதன்மேல் நாவல் பழம் விழுந்து ஊதாவாகிவிடுகிறது, நட்சத்திரம் தெரிவதில்லை.

வராந்தாப் பலகையில் மரத்தைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விட்டிருந்தோம். வருஷம் ஒருமுறை இவர் விரல் வைத்துப் பார்ப்பார். இப்போது மூன்றுதான் நுழைகிறது, பலகையை இன்னொரு சுற்று அறுக்க ஆசாரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அகலமாகவே அறுக்கச் சொல் என்கிறார் அத்தை. வெற்றிலைச் சாறு துப்ப அவருக்கு அந்த இடைவெளிதான் வசதி.