அப்பாவின் ஜீப்: கட்டுவதா, கழற்றுவதா

9 நவம்பர் 2025, ஞாயிறு

கொட்டகையில் மூன்று வருஷமாக மூடிக் கிடந்த ஜீப்பின் மேலிருந்து இன்று தார்ப்பாயை இழுத்தேன். பின் சீட்டில் எலி குடித்தனம் நடத்திப் பஞ்சையெல்லாம் பிய்த்துப் போட்டிருக்கிறது. நான்கு டயரிலும் காற்று இல்லை. மற்றபடி அப்பா நிறுத்தியபடியே நிற்கிறது. டேஷ்போர்டில் அவர் ஒட்டிய வீரபாண்டி கௌமாரியம்மன் படம்கூட அப்படியே இருக்கிறது.

மஹிந்திரா எம்எம் 540. 1992 மார்ச்சில் பதிவான வண்டி. போடியிலிருந்து குரங்கணி வரை தார் ரோடு. அதற்கு மேல் எங்கள் காப்பித் தோட்டம் வரை கல்லும் சரளையும்தான். உரமும் ஆட்களும் மேலே போவார்கள், காப்பியும் மிளகும் கீழே வரும். முப்பது வருஷம் இதே வேலை. 2022-இல் அப்பாவுக்கு முழங்கால் வலி என்று வண்டி நின்றது. அப்புறம் வாடகை ஜீப்தான், ஒரு நடைக்கு 1,500 ரூபாய். போன வருஷம் பழம் எடுக்கும் நேரத்தில் ஜீப் கிடைக்காமல், பறித்த பழம் இரண்டு நாள் மூட்டையிலேயே கிடந்து புளித்துவிட்டது. அந்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. இந்த வருஷமும் அப்படி ஆக விடமாட்டேன்.

ஆகவே இந்த மாதத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும். செலவு செய்து ஓட வைப்பதா, கழற்றிப் பாகம் பாகமாக விற்றுவிடுவதா? நடப்பதை அன்றன்றைக்கு எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு வண்டி வீட்டில் நிற்கிற யாருக்காவது பயன்படும்.

12 நவம்பர்

பட்டறை அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். நான் சாவியை எடுத்ததும் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "அவசரப்பட்டு செல்ஃப் அடிச்சிராத தங்கச்சி. பிஸ்டன் ரிங்கு சிலிண்டர் லைனர்ல துருப்பிடிச்சு ஒட்டியிருந்தா உள்ள உடைஞ்சு போகும்."

முதலில் பழைய டீசலை இறக்கினார். வார்னிஷ் மாதிரி நாற்றம். ஃபில்டரை மாற்றினார். குளிர்ந்த என்ஜினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயிலை விட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு முன்னால் இருக்கும் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகக் கையால் திருப்பினார். சுற்றியது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பட்டறை பேட்டரியை மாட்டி, டீசல் குழாயில் நிற்கும் ஏரை வெளியேற்றி, ஹீட்டர் போட்டு மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கொட்டகை முழுக்க நிறைந்து, பத்து நிமிஷத்தில் தெளிந்தது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வாய் மேல் சும்மா கவிழ்த்து வைத்துப் பார்த்தார். தேய்ந்த என்ஜின் என்றால் உள்ளிருந்து வரும் காற்று மூடியைத் துள்ள வைக்கும். இதில் மூடி லேசாக நடுங்கியதோடு சரி.

இந்த என்ஜின் பிரான்ஸின் பெஜோ கம்பெனி வடிவமைப்பு, எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம், அதுதான் பெயரிலேயே இருக்கிறது. 2112 சிசி. வேகமாகப் போகாது, ஆனால் மலையில் மூட்டையோடு நிதானமாக ஏறும்.

அம்மா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். சத்தம் கேட்டும் அப்பா திண்ணையை விட்டு எழுந்து வரவில்லை.

15 நவம்பர்

இன்று காகித வேலை. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு முதல் 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்பா 2007, 2012, 2017 மூன்று தடவையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது.

இப்போது 20 வருஷம் தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இந்த ஆகஸ்டில்தான் ஏற்றினார்கள், அதுவரை 5,000. தாமதத்துக்கு மாதம் 500 வீதம் 44 மாதத்துக்கு 22,000. ஆக 32,000. பசுமை வரி, இன்சூரன்ஸ் தனி. டயர் 6.00-16 அளவு, ஸ்டெப்னியோடு ஐந்து வாங்கினால் 30,000. பிரேக், கிளட்ச், பேட்டரி எல்லாம் சேர்த்து இன்னொரு 30,000.

என்ஜின் நன்றாக இருப்பதால் கட்டிவிடலாம் என்றுதான் இரவு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

19 நவம்பர்

இன்றைக்கு வெல்டர் மாமாவும் பட்டறை அண்ணனும் சேர்ந்து வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிக் கட்டை கொடுத்தார்கள். மாமா கையில் ஒரு சின்னச் சுத்தியல் மட்டும். முன் பம்பர் பக்கத்திலிருந்து, வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸைத் தட்டிக்கொண்டே பின்னால் போனார். டங், டங் என்று மணி மாதிரி சத்தம். டிரைவர் சீட்டைத் தாண்டியும் அதே சத்தம்தான். பின் ஸ்பிரிங் பட்டையின் முன் காதை மாட்டியிருக்கும் இடம் வந்ததும் சத்தம் மாறியது. டப். நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல.

ஸ்க்ரூடிரைவரை எடுத்து லேசாகக் குத்தினார். உள்ளே போய்விட்டது. இழுத்தபோது துரு ஏடு ஏடாக உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. நசுக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஏடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்திருந்தது.

"என்ன ஏத்துவீங்க இதுல?" என்று மாமா கேட்டார்.

யோசிக்கவே வேண்டியதில்லை. பொட்டாஷ். வருஷா வருஷம் மூட்டை மூட்டையாக. காப்பிக்கும் மிளகுக்கும் போடுகிற பொட்டாஷ் வேறொன்றும் இல்லை, பொட்டாசியம் குளோரைடு, உப்பு ஜாதிதான். மூட்டையிலிருந்து சிந்தியது தரைத்தகட்டின் இடுக்கு வழியாக இறங்கி, சேசிஸில் இரட்டைத் தகடு வைத்த இடத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே மண்ணும் சேர்ந்து மலை ஈரத்தில் எப்போதும் நசநசவென்று இருக்கும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்துக் கழுவினாலும் அந்த இடுக்குக்குள் போகாது. பெயிண்ட் வெளியே பளபளப்பாக இருக்க, துரு இரும்பை உள்ளிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது.

வலது பக்கம் கிட்டத்தட்ட மூன்றடி போய்விட்டது. இடது பக்கம் ஒரு அடி. வலது பக்கத்தில் யாரோ ஏற்கெனவே ஒரு தகட்டை வைத்து மூடி ஒட்டியிருந்தார்கள்.

வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் சேனல் வைத்து ஒட்ட முடியாதா என்று கேட்டேன். மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஒட்டுறதுக்கு நல்ல இரும்பு வேணும்ல தங்கச்சி. எதுல கொண்டுபோய் ஒட்டுறது?" பிறகு, பாடியை முழுசாக இறக்கி, தேறாததை எல்லாம் வெட்டிச் செய்தால் ஒன்றே கால் லட்சம் ஆகும், அப்படிச் செய்தாலும் மலை ரோட்டுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அவர் மேல் இருந்த மரியாதை கூடிவிட்டது. வேலை வேண்டும் என்கிறவர் இப்படிச் சொல்ல மாட்டார்.

20 நவம்பர்

தூக்கம் வரவில்லை. பழைய வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பானட்டைத் திறக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். என்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் எதுவானாலும் இன்னொரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டலாம். சேசிஸை மாற்றினால் அது வேறு வண்டி. நம்பர் அதில்தான் அடித்திருக்கிறது, ஆர்சி அந்த நம்பருக்குத்தான். 9-ஆம் தேதி நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலை, சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்திருப்பதுதான்.

23 நவம்பர், ஞாயிறு

சாயங்காலம் அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். வண்டி இன்னும் கட்டை மேல்தான் நிற்கிறது. மெதுவாகக் குனிந்து, வலது பக்கம் அந்த ஒட்டுத் தகடு இருக்கும் இடத்தைக் கம்பால் தொட்டார்.

"இது நான் வச்ச ஒட்டுதான், ஆத்தா. ரெண்டாயிரத்து ஒன்பதுல."

நான் பேசவில்லை. அவரே சொன்னார். 2022-இல் ஒருநாள் பழம் எடுத்த ஆட்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஓடைக்குப் பக்கத்து வளைவில் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி வலது பக்கம் இழுத்திருக்கிறது. இறங்கிப் பார்த்தால் டயர் பாடியில் உரசிக்கொண்டு நிற்கிறது. பட்டை மாட்டும் பிராக்கெட் சேசிஸோடு சேர்ந்து அசைந்து, ஆக்ஸிலே நகர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால், ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் கழன்றிருக்கும். அந்த இடத்தில் ஒரு பக்கம் பள்ளம். எட்டுப் பேரையும் இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் லோ கியரில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறார். மறுநாள்தான் முழங்கால் வலி என்று சொன்னது.

"முழங்கா வலி நெசந்தான். ஆனா அதுக்காக நிப்பாட்டல."

"ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே காயலாங்கடைக்குப் போட்டிருப்பீங்க. எனக்கு மனசு வரல."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு, "கழட்டிரு ஆத்தா" என்றார்.

26 நவம்பர்

கழற்றப் போகிறோம் என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. ஒருவர் வந்து, சேசிஸ் வேறு வாங்கி இதே நம்பரை அடித்துத் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்றார். அது குற்றம், வாசலோடு அனுப்பிவிட்டேன்.

இன்னொருவர் மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர். என்ஜின் சத்தத்தைக் கேட்டதும் முழு வண்டிக்கும் 1,65,000 ரூபாய் தருகிறேன் என்றார். தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுவதால் பேப்பர் வேண்டாமாம். பாகம் பாகமாக விற்றால் எனக்கு 1,20,000 தேறினால் அதிகம். 45,000 வித்தியாசம், எனக்குப் பெரிய பணம்.

"ஆள் ஏத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"ஏத்தாம? வேலைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் இதுலதான் வருவாங்க."

சேசிஸைக் காட்டினேன். ஒட்டிக்கொள்ளலாம் என்றார். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தினமும் விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் அத்தையும் அப்படிப் போனவர்தான். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முதலில் வருத்தம்தான். காரணத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

30 நவம்பர்

கழற்ற ஆரம்பித்தாயிற்று. நட்டுகளில் நேற்றே டீசலும் ஆயிலும் கலந்து ஊறவிட்டிருந்தோம். ஒவ்வொரு பாகத்துக்கும் அட்டை கட்டி எழுதினேன். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுமுன் இரண்டு பக்கமும் கோடு போட்டு வைத்தோம், மாட்டுகிறவர் திசை மாற்றிவிடக் கூடாது.

என்ஜின் 42,000-க்குப் போகிறது. வாங்குகிறவரிடம் அவர் வண்டியின் ஆர்சியில் என்ஜின் நம்பரை மாற்றிப் பதிய வேண்டும் என்று சொல்லி, நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதமும் எங்கள் ஆர்சி நகலும் கொடுத்தேன். பாகம் விற்கிறவர்கள் இந்தக் கடிதத்தை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு அந்த என்ஜின் எங்கே போய் நின்றாலும் கேள்வி நம்மிடம்தான் வரும்.

ஆக்ஸில் இரண்டும் 30,000. கிரவுனில் பல் எண்ணிக் காட்டச் சொன்னார்கள். பினியனில் 8, கிரவுனில் 43. பினியன் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று, அதனால் இழுவை அதிகம். மலைக்காரர்கள் தேடுவது இதைத்தான். ஸ்டியரிங் பாக்ஸ், ரேடியேட்டர், கண்ணாடி ஃபிரேம், மற்ற சில்லறையெல்லாம் சேர்த்து 14,000.

3 டிசம்பர்

கார்த்திகை தீபம். கிணற்றடி, மாட்டுத் தொழுவம், கொட்டகை என்று அம்மா வரிசையாக அகல் வைத்துக்கொண்டே போனார். கழற்றி வைத்த பானட்டின் மேல் அப்பா ஒன்று வைத்தார்.

காலையில் மேல்காட்டு அண்ணன் வந்திருந்தார். அவருடையதும் எம்எம் 540, பேப்பரெல்லாம் சரியாக இருக்கிறது, சேசிஸ் கல் மாதிரி. ஆனால் லோ கியர் நிற்காமல் துள்ளிவிடுகிறதாம். எங்கள் கியர் பாக்ஸும், நான்கு வீலுக்கும் லோவுக்கும் மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் வேண்டும், கையில் மொத்தப் பணம் இல்லை. 27,000 என்று பேசினோம். அப்பாதான் வழி சொன்னார்: பணம் வேண்டாம், இந்தப் பழம் எடுப்புக்கு 18 நடை அடித்துக் கொடு. இருவருக்கும் சம்மதம்.

8 டிசம்பர்

சேசிஸையும் பாடியையும் லோடு வண்டியில் ஏற்றி, அரசு அனுமதி பெற்ற உடைப்பு மையத்துக்கு அனுப்பினோம். 340 கிலோ. ஆர்சி அசலையும் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டேன். பதிவை ரத்து செய்ய அதோடு ஆர்டிஓ ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் இல்லாத வண்டி நம் பேரிலேயே இருக்கும்.

12 டிசம்பர்

மேல்காட்டு அண்ணன் இரண்டு நாளில் பாக்ஸை மாற்றிவிட்டார். இன்று காலை நானும் ஏறிக்கொண்டேன். ஓடைக்கு முந்தைய ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு சின்னக் கம்பிகளில் ஒன்றை நான்கு வீலுக்கும் இன்னொன்றை லோவுக்கும் போட்டார். அப்பா கை பட்டுத் தேய்ந்த அதே குமிழ்கள். கல்லும் ஈரமுமாக இருந்த ஏற்றத்தில் சக்கரம் சுழலாமல் ஏறியது. கியர் துள்ளவில்லை.

மத்தியானம் கீழே இறங்கியாயிற்று. பறித்த அன்றைக்கே பழம் களத்துக்கு வந்துவிட்டது. அப்பா நோட்டை வாங்கித் தன் கையாலேயே எழுதினார்:

முதல் நடை, 11 மூட்டை. பாக்கி 17.