துண்டில் எழுதாமல் விடுபட்ட ஒரு சொல்: கொழும்பில் ஈரல் நாள ஸ்கேன் அனுபவம்

தங்கையின் வயிற்றில் நீர் கோத்து, வலப்பக்க விலாவின் கீழ் வலி தொடங்கியதும் வெள்ளவத்தையில் ஒரு தனியார் நிலையத்தில் ஸ்கேன் எடுத்தோம். ஈரல் பெருத்திருப்பதாகவும், அதிலும் வால் மடல் எனப்படும் அதன் சிறு பகுதி கூடுதலாக வீங்கியிருப்பதாகவும் எழுதியவர்கள், ஈரலிலிருந்து கீழ்ப் பெருநாளத்துக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் மூன்று நாளங்களைப் பற்றி ஒன்றுமே குறிப்பிடவில்லை. இந்த ஈரல் நாளங்கள் அடைபடும் பட்-கியாரி நோயைச் சந்தேகித்த நிபுணர், நாளங்களில் குருதி ஓடுகிறதா, எத்திசையில் ஓடுகிறது என்று காட்டும் டொப்ளர் ஸ்கேன் உடனே வேண்டும் என்றார்.

ஆனால் கிளினிக்கில் அவருடைய உதவியாளர் எழுதித் தந்த துண்டில் 'வயிற்று ஸ்கேன்' என்று மட்டுமே இருந்தது. வெறும் வயிற்றுடன் காலையிலிருந்து வரிசையில் காத்திருந்தவளை, பெயர் கூப்பிட்ட பிறகு, "டொப்ளர் என்று எழுதவில்லையே, மாற்றி எழுதுவித்துக்கொண்டு வாங்கோ" என்று கருமபீடத்தில் திருப்பி அனுப்பினார்கள். வைத்தியரோ வார்ட்டுக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்து எழுதுவித்துக்கொண்டு வந்தபோது ஸ்கேன் அறை பூட்டியிருந்தது. மறுநாள் போயா (பௌர்ணமி) விடுமுறை. மூச்சுவாங்க நடக்கும் நோயாளியை ஒரு சொல்லுக்காக இப்படி அலைக்கழித்ததை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. ஆகவே, துண்டை வாங்கியவுடனேயே 'ஈரல் நாளங்கள், வாயினாளம், கீழ்ப் பெருநாளம், டொப்ளர்' ஆகிய நான்கும் அதில் உள்ளனவா என்று பாருங்கள்.

டொப்ளர் எடுத்த வைத்தியர் திரையைத் திருப்பிக் காட்டினார். குடலிலிருந்து ஈரலுக்குக் குருதியைக் கொண்டுவரும் வாயினாளத்தில், குருதி ஓட்டத்தைக் காட்டும் நிறம் ஓடியது. வலது, நடு ஈரல் நாளங்கள் இருக்க வேண்டிய இடமோ கறுப்பாகவே கிடந்தது. வால் மடலின் குருதி தனிச் சிறு நாளங்கள் வழியே நேரடியாகப் பெருநாளத்துக்குப் போவதால், மற்றப் பகுதிகள் அடைபடும்போது அது பெருப்பது வழக்கம் என்று அவர் விளக்கியபோதுதான், முதல் அறிக்கையிலேயே தடயம் இருந்தது புரிந்தது.

அன்றே வார்ட்டில் சேர்த்து, குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் ஊசியும் தொடங்கினார்கள். சாயமருந்து ஏற்றி எடுக்கும் சீ.ரீ. ஸ்கேனுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அறிக்கை புதிதாக வேண்டும். அது கையில் இருந்ததால் தடங்கல் இல்லை. படங்கள் அடங்கிய சீடியையும் கேட்டு வாங்குங்கள். பலூனால் நாளத்தை விரிக்கலாமா என்று தீர்மானிப்பவர்கள் அறிக்கையை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை.

நாளங்களை அடைத்த குருதி உறைவு ஏன் ஏற்பட்டது என்று அறியும் குருதிப் பரிசோதனைகள் நடக்கின்றன. ஒவ்வொரு துண்டையும் வைத்தியர் முன்னாலேயே வாசித்துப் பார்த்த பிறகுதான் இப்போது நகர்கிறேன்.