குத்துவிளக்கில் பெயர் வெட்டும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயிலுக்கு உபயமாகத் தரும் பித்தளைக் குத்துவிளக்கில் பெயர் வெட்ட வேண்டுமா? முதலில் விளக்கைக் கழற்றுங்கள். முழு விளக்கைச் சாய்த்து வைத்தால் உருளும். உளி வழுக்கி, கோடு எழுத்தைத் தாண்டி ஓடிவிடும்.

மேலிருந்து அன்னம், தட்டு, தண்டு, பீடம். பெரும்பாலும் எல்லாம் மரை (திருகுப் புரி) போட்ட மூட்டுதான், இடப்பக்கம் திருப்பினால் கழலும். பழைய விளக்கு அவ்வளவு சுலபத்தில் விடாது. மரைக்குள் இறங்கிய நல்லெண்ணெய் பிசினாக இறுகி, களிம்பும் சேர்ந்திருக்கும். தயவுசெய்து குறடு போடாதீர்கள். பித்தளையில் குறட்டின் பல் பதியும். உள்ளே கூடான தண்டு நசுங்கினால் மரையின் வட்டமே கெட்டுவிடும். மூட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் நன்றாகத் துடைத்துவிட்டு, கொதிநீர் ஊற்றி, பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பிடித்து இருவர் எதிரெதிராகத் திருப்புங்கள். ஒருமுறையில் வராவிட்டால் மறுபடியும் ஊறப்போடுங்கள்; பலம் காட்ட வேண்டாம்.

பெயருக்கு ஏற்ற இடம் பீடத்தின் விளிம்பு. புளி போட்டுத் தேய்த்து, கழுவி, உலர்த்தி, மெல்லிய வெள்ளைச் சாயத்தின்மேல் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ‘ண’, ‘ணை’ சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வார்ப்பில் காற்று நின்ற பொட்டுக்குழிகளில் உளி துள்ளும், அந்த இடங்களைத் தவிர்க்கவும். பீடத்தை அரக்கில் பதித்துக்கொண்டால் இரண்டு கையும் உளிக்குக் கிடைக்கும்.

திரும்பப் பூட்டும்போது மரையில் ஒரு துளி வாசலின். கை இறுக்கமே போதும்.