பூச்சிய வழுவும் வழுவமைதியும்

நம் பாடசாலையில் ‘வழு’ என்ற சொல்லை இரண்டு இடங்களில் படித்தோம். தமிழ்ப் பாடத்தில் திணை வழு, பால் வழு. உயர்தரத்தில், பௌதிக ஆய்வுகூடத்தில் பூச்சிய வழு, அதாவது எதையும் அளக்காதபோதே கருவி பூச்சியத்தைக் காட்டாமல் விலகி நிற்பது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

வழுவுதல் என்றால் நழுவுதல், வழுக்குதல். ‘வழுக்கியும் வாயாற் சொலல்’ (குறள் 139) என்பதற்கு, வாய் தவறியும் சொல்லுதல் என்று பொருள். இதன் கூட்டாளி ‘இழுக்கு’. ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’ (415) என்ற குறளில் இழுக்கல் என்பது கால் சறுக்கும் சேற்று நிலம். சறுக்கலைச் சொன்ன சொல்லே குற்றத்துக்கும் ஆனது. வேண்டுமென்றே செய்த கொடுமைக்கு இந்தச் சொல் பொருந்தாது. நிற்கவேண்டிய இடத்திலிருந்து சற்று விலகியதற்கே பொருந்தும்.

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு என்கிறது நன்னூல். ‘நாளை வந்தான்’ கால வழு. யானை மேய்ப்பவனை இடையன் என்பது மரபு வழு. ஆனால் ‘உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே’ என்று அதே நூல் இடமும் கொடுக்கிறது. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழுவியதுதான். உவப்பால் வந்ததால் அது வழுவமைதி, அதாவது காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட வழு. காரணத்தையும் எழுதினால்தான் விடை நிறைவாகும். எனக்கு இலக்கணத்தில் மிகப் பிடித்த பகுதி இதுவே.

கம்பியின் விட்டம் போன்ற சிறு அளவுகளை எடுக்கும் திருகுக்கணிச்சியிலும் முதல் வேலை வழுவை அறிவதுதான். புரியிடை (ஒரு முழுச் சுற்றில் திருகு நகரும் தூரம்) 0.5 மி.மீ., வட்ட அளவிடையில் 50 பிரிவுகள், ஆகவே இழிவெண்ணிக்கை (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ. முகங்கள் இரண்டையும் துடைத்து, கடைசித் திருகலை ராட்செட் குமிழால் (அளவுக்கு மேல் இறுக்காமல் வழுக்கிச் சுழலும் குமிழ்) மட்டும் செய்து மூடவேண்டும். தூசி இருந்தால் இல்லாத வழு தோன்றும். இறுக்கித் திருகினால் புரி தேய்ந்து உண்மையாகவே வழு வந்துவிடும்.

மூடிய நிலையில் வட்ட அளவிடையின் 3ஆம் பிரிவு நேர் அளவிடையின் கோட்டோடு பொருந்தினால் ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் 0.03 கழிக்கவேண்டும். 47 பொருந்தினால், அது பூச்சியத்துக்கு 3 பிரிவு குறைவு என்பதால், 0.03 கூட்டவேண்டும், 0.47 என்று எடுப்பதுதான் வழமையான தவறு.

பத்துத் தடவை அளந்து சராசரி எடுத்தாலும் இந்த வழு நீங்காது, பத்திலும் அதே அளவில் இருக்கும். 0.40 மி.மீ. கம்பி 0.43 என்று வாசிக்கப்பட்டால் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 16 சதவீதம் கூடிவிடும். யங்கின் மட்டுக் (இழுவைக்கு ஒரு பொருள் காட்டும் விறைப்பின் அளவு) கணக்கில் பரப்பு பின்னத்தின் கீழே நிற்பதால் விடை 13 சதவீதத்துக்கு மேல் குறைந்து வரும்.