நிறுத்தட்டுங்களா சார்?

"நிறுத்தணும்னு எனக்குத் தெரியுமுங்க சார். நீங்க நிறுத்தச் சொன்னீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிக்கலாம்னுதான் கேட்டேன்."

எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் எனக்குக் கீழே ஒரு தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் அக்கா இதைச் சொல்லிப் பல மாதம் ஆகிறது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

லைனை நிறுத்திய அன்று நிலைமை இது: மறுநாள், ஆர்டர் கொடுத்த கம்பெனி சரக்கைச் சோதிக்கும் பையர் இன்ஸ்பெக்‌ஷன். ஃப்ளாட்லாக் தையல் மெஷினில் டி-ஷர்ட்டின் கீழ்மடிப்புத் தையல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. 3000 பீஸ் ஆர்டரில் 125 எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். 2.5 என்ற தர அளவின் கணக்கில் 7 குறை வரை பாஸ். 8 வந்தால் மொத்தமும் ரிஜெக்ட். "லைனை நிறுத்தட்டுங்களா சார்?" என்று கேட்டார். "நீங்களே முடிவு பண்ணுங்க அக்கா, நான் கூட இருக்கேன்" என்றேன். நிறுத்தினார். மெக்கானிக் வந்து, அடிநூலைப் பிணைக்கும் லூப்பரின் டைமிங்கைச் சரிசெய்த பிறகுதான் லைன் ஓடியது. மறுநாள் பாஸ்.

மேலாண்மை அறிஞர்கள் பால் ஹெர்சியும் கென் பிளான்சர்டும் 1969-இல் முன்வைத்து, பிறகு விரிவாக்கிய 'சூழலுக்கேற்ற தலைமை' முறையைப் பயிற்சி வகுப்பில் படித்திருக்கிறேன். புதியவருக்குச் சொல்லிக்கொடு, கொஞ்சம் கற்றுச் சோர்ந்து போனவருக்குச் சொல்லியும் கொடு, தெம்பும் கொடு, தெரிந்தும் தயங்குபவருக்குத் துணை நில், தேறியவரிடம் விட்டுவிடு. ஒரே ஆள் ஒரு வேலையில் தேறியவராகவும் இன்னொன்றில் புதியவராகவும் இருக்கலாம். நான் அக்காவை 'தெரியும், தயங்குகிறார்' என்ற இடத்தில் வைத்தேன். அந்தக் கணிப்பு சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். நான் உத்தரவு போட்டிருந்தால் அவர் என் வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவராகவே நின்றிருப்பார்.

சரி, தயக்கம் எதற்கு என்று நான் கேட்டேனா? டெய்லர்கள் எல்லோருக்கும் பீஸ் ரேட், தைத்த பீஸ் கணக்கில்தான் கூலி. லைன் நின்றால் அன்றைய கூலி குறையும். முன்பு செக்கிங்கில் இருந்தவரை குறையுள்ள பீஸைத் தனியாக எடுத்து வைப்பதோடு அக்காவின் வேலை முடிந்தது. இப்போது, ஒன்றாக ஷிஃப்ட் வண்டியில் வருகிறவர்களின் கூலியில் கை வைக்க வேண்டியிருந்தது. வேலை தெரியுமா, ஆர்வம் இருக்கிறதா என்று அந்த முறை பார்க்கச் சொல்கிறது. முடிவெடுத்த பிறகு யாருடைய முகத்தில் விழிக்க வேண்டும் என்பதற்கு அதில் இடமில்லை. 'நான் கூட இருக்கேன்' என்றேனே, வண்டியில் நான் இல்லையே.

அப்புறம் இன்னொரு லைனுக்குப் புதிதாக வந்த தம்பியிடம், "எதுவானாலும் நான் சொன்னேன்னு சொல்லிடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவருடைய லைனில் மனஸ்தாபம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஊசி மாற்றுவதற்குக்கூட என்னைத் தேடி வருகிறார். அக்கா இப்போதெல்லாம் கேட்பதே இல்லை. நிறுத்திவிட்டு அப்புறம்தான் தகவல் சொல்கிறார். அதை வளர்ச்சி என்றுதான் அவருடைய மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினேன். எழுதிய பிறகும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.