கனெக்ட் ஆகலையா? மேலே ஓடும் வரிகளைப் படியுங்கள்

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கில் டிசைன் வேலை செய்பவர்களுக்குத் தூக்கம் இருக்காது. தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் பாதை நெடுக நிற்கும் பந்தல்களுக்குப் பதாகை, நன்கொடையாளர் பெயர்ப் பலகை, அழைப்பிதழ் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வரும். பெரிய பதாகைகளை நாங்கள் கோலாலம்பூரில் ஓர் அச்சகத்துக்கு அனுப்புகிறோம், அவர்கள் ஃபைலை எஃப்டிபி (கணினிக்குக் கணினி ஃபைல் அனுப்பும் பழைய முறை) வழியாகத்தான் வாங்குவார்கள். இந்தச் சமயத்தில் தம்பிகளிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே மாதிரி: எஃப்டிபியில் ஃபைல் அனுப்ப நாங்கள் வைத்திருக்கும் பைல்ஸில்லா மென்பொருளில் சிவப்பு எழுத்து, கீழே "அண்ணே, கனெக்ட் ஆகல".

ஸ்கிரீன்ஷாட்டில் அந்தச் சிவப்பு வரி மட்டும்தான் இருக்கும். எனக்கு வேண்டியது அதற்கு மேலே உள்ள வரிகள். பைல்ஸில்லா தான் செய்வதை ஒவ்வொன்றாக மேலே எழுதிக்கொண்டே போகிறது, எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தாலே எந்த செட்டிங்கைத் தொட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் எல்லா டேபிலும் புகுந்து எதையாவது மாற்றி வைத்தால், அப்புறம் எது உண்மையான கோளாறு, எது நாம் புதிதாகச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

530 என்ற எண் வந்தால் இணைப்பில் குறையே இல்லை, பெயரோ பாஸ்வேர்டோ தவறு. வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்யும்போது கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வரும், அதை முதலில் பாருங்கள். 20 வினாடி சும்மா நின்று டைம்அவுட் என்றால் (பைல்ஸில்லாவின் இயல்பான அளவு அது) ஹோஸ்ட் பெயர் (சர்வரின் முகவரி) அல்லது போர்ட்டைப் (சர்வரில் நாம் தட்டும் கதவின் எண்) பாருங்கள். எஃப்டிபிக்கு 21, எஸ்எஃப்டிபிக்கு 22. சைட் மேனேஜரில் புரோட்டோகால் எஃப்டிபி என்று இருக்க, போர்ட் மட்டும் 22 என்று போட்டு வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்றாலும் இரண்டும் சம்பந்தமே இல்லாதவை. எஸ்எஃப்டிபி எஸ்எஸ்எச் என்ற மறையாக்கம் செய்த இணைப்பின் மேல் ஓடுகிறது.

ஆளைச் சோதிப்பது மூன்றாவது வகை. லாகின் ஆகிவிடும், "டைரக்டரி லிஸ்டிங்" என்று ஒரு வரி வரும், அதோடு அப்படியே நிற்கும். பாஸ்வேர்டு சரிதானே, உள்ளேயும் போய்விட்டதே, பிறகு என்ன? எஃப்டிபி ஒரே இணைப்பில் வேலை செய்வதில்லை என்பதுதான் விஷயம். கட்டளைகளுக்கு ஓர் இணைப்பு, ஃபைலுக்கும் ஃபோல்டர் பட்டியலுக்கும் தனியாக இன்னொன்று. இதன் முதல் வரைவை அபய் பூஷண் 1971இல் எழுதினார், கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போனவர். வீட்டுக்கு வீடு ரவுட்டரும் ஃபயர்வாலும் வரப்போகிறது என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? ஆக்டிவ் மோடில் சர்வர் நம் கணினியைத் தேடி வந்து இரண்டாவது இணைப்பைத் திறக்கப் பார்க்கும், நம் ரவுட்டர் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனால் டிரான்ஸ்ஃபர் செட்டிங்ஸ் டேபில் பேசிவ் என்று வையுங்கள். பேசிவில் நாமே போய் இரண்டாவது கதவையும் தட்டுகிறோம்.

எந்தக் கதவு என்பதும் அந்த வரிகளிலேயே இருக்கிறது. 227 என்று தொடங்கும் வரியில் அடைப்புக்குள் ஆறு எண்கள் வரும். முதல் நான்கு சர்வரின் முகவரி, கடைசி இரண்டும் போர்ட். ஐந்தாவதை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டுங்கள்: 195, 80 என்று இருந்தால் 50000. அந்த போர்ட் அச்சகத்தின் ஃபயர்வாலில் திறந்திருக்காவிட்டால் நீங்கள் இங்கே எதை மாற்றியும் பயனில்லை, அவர்களுடைய ஐடி ஆளிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். "கனெக்ட் ஆகல" என்று சொன்னால் "இங்க எல்லாம் ஓகேதான் பாஸ்" என்பார்கள். எண்ணைச் சொன்னால் எழுந்து போய்ப் பார்ப்பார்கள்.

டிஎல்எஸ் (எஃப்டிபி இணைப்பை மறையாக்கும் என்கிரிப்ஷன்) போட்ட பிறகு இந்தத் தொல்லை வந்தது என்று பலர் சொல்கிறார்கள், அது உண்மையாகவே இருக்கலாம். வெறும் எஃப்டிபியில் சில ரவுட்டர்கள் கட்டளைகளை எட்டிப் பார்த்து முகவரியையும் போர்ட்டையும் தாங்களே சரிசெய்துவிடும், மறையாக்கம் செய்ததும் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காக என்கிரிப்ஷனைக் கழற்றிவிடாதீர்கள். வெறும் எஃப்டிபியில் பாஸ்வேர்டு அப்படியே வெட்டவெளிச்சமாகப் போகிறது, அதுவும் மாமாக் சாப்பாட்டுக் கடை வைஃபையில் உட்கார்ந்து அனுப்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அச்சகம் எஸ்எஃப்டிபி கொடுத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். அதில் எல்லாம் ஒரே இணைப்பு, பேசிவ் தலைவலியே கிடையாது.

பெரிய ஃபைல் நூறு சதவீதம் போய், கடைசியில் தோல்வி என்று காட்டி மறுபடி முதலிலிருந்து ஓடுகிறதா? ஃபைல் ஓர் இணைப்பில் போய்க்கொண்டிருக்கும்போது கட்டளை இணைப்பு சும்மா கிடக்கும், வழியில் இருக்கும் ஏதோ ஒரு ரவுட்டர் அதை யாருக்கும் சொல்லாமல் வெட்டிவிட்டிருக்கும். செட்டிங்ஸில் கீப்-அலைவை (சும்மா கிடக்கும் இணைப்பை உயிரோடு வைக்கும் வசதி) போட்டுப் பாருங்கள். நீண்ட நேரம் காத்திருக்கும் இணைப்பை எல்லா நேரமும் அது காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். 421 வந்தால் ஒரே நேரத்தில் நிறைய இணைப்பு என்று சர்வர் கோபப்படுவதாக இருக்கலாம், எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல், தமிழில் ஃபைல் பெயர். அங்கே போய்ச் சேரும்போது பெயர் முழுக்கக் கேள்விக்குறியாக நின்றால் கேரக்டர் செட் டேபில் யுடிஎஃப்-8ஐ (தமிழ் உட்பட எல்லா எழுத்தையும் பைட்டாக எழுதும் முறை) கட்டாயமாக்கிப் பாருங்கள், பழைய சர்வர் என்றால் அதுவும் உதவாது. நீளமும் இடிக்கும். "தைப்பூச" நம் கண்ணுக்கு நான்கெழுத்து, கணினிக்கு ஏழு குறியீடு, யுடிஎஃப்-8இல் 21 பைட். லினக்ஸ் சர்வர்களில் ஒரு பெயருக்கு வழக்கமான எல்லை 255 பைட், அதனால் கோவில் பெயர், பந்தல் பெயர், "இறுதி", "உண்மையான இறுதி" என்று நீட்டிக்கொண்டே போனால் சீக்கிரமே முட்டும். நான் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சுருக்கமாக வைக்கிறேன், எது எந்தப் பந்தலுக்கு என்பதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தமிழிலும் மலாயிலும் எழுதிக் கூடவே அனுப்பிவிடுகிறேன், இரவு ஷிப்டில் மெஷின் ஓட்டுபவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லையே.