கார்த்திக் என்றால் ஐப்பசி

சென்னையிலிருந்து ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, கோரக்பூரிலிருந்து சுனௌலி வரை பஸ், எல்லையை நடந்தே கடந்தால் நேபாளம். பதினோரு மருத்துவ மாணவர்கள், ஆறு அட்டைப் பெட்டி மருந்து, ஒரு பெரிய பேனர். எல்லையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். இந்திய ஒரு ரூபாய்க்கு அங்கே ஒரு ரூபாய் அறுபது பைசா. இந்த இரண்டு கணக்கையும் பழகிக்கொண்டுவிட்டால் போதும் என்று நினைத்தோம். மூன்றாவது கணக்கு ஒன்று காத்திருந்தது.

புட்வல் ஊரைத் தாண்டியதும் சமவெளி சட்டென்று முடிந்து சாலை மலையில் ஏறுகிறது. சித்தபாபா கோயிலை ஒட்டிய பகுதியில் பாறை உருண்டு விழுவது வழக்கமாம். ஓட்டுநர் அங்கே மட்டும் பாட்டை நிறுத்தினார். மாலையில் பால்பா மாவட்டத்தின் தான்சேன் வந்து சேர்ந்தோம். டாக்கா நெசவுக்கும், நம் ஊர்க் கெண்டியைப் போல மூக்கு வைத்த 'கருவா' என்னும் பித்தளைச் செம்புக்கும் பேர்போன ஊர். அன்றிரவு சுகௌனி சாப்பிட்டேன். வேகவைத்த உருளைக்கிழங்கைத் தயிரில் போட்டு வெந்தயம் தாளிக்கிறார்கள். பாதி வயிறு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் மலைக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் முகாம். பதிவேடு எழுத உட்கார்ந்த என் தோழி, வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணிடம் பிறந்த ஆண்டைக் கேட்டாள். "2031" என்றார். எங்கள் கணக்குப்படி அந்த அம்மாள் இன்னும் பிறக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நேபாளத்தில் நடப்பது விக்ரம ஆண்டு. அதிலிருந்து 57-ஐக் கழித்தால் 1974. முகாம் முடியும்வரை நான் செய்த உருப்படியான மருத்துவப் பணி இந்தக் கழித்தல்தான்.

மிகையாகச் சொல்லவில்லை. இரத்தக்கொதிப்பு இருந்த பெரியவர் ஒருவருக்கு ஆம்லோடிபின் மாத்திரை பத்து நாளுக்குக் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினோராவது நாள்?" என்று இந்தியில் கேட்டார். எங்களை அழைத்துச்சென்ற அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் அப்போது பேனர் நேராகத் தெரிகிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்குப் பதில் சொன்னது கிராமத்துச் சுயம்சேவிகா, அதாவது அந்த ஊர்ப் பெண் சுகாதாரத் தொண்டர். ஹெல்த் போஸ்டுக்கு எந்தக் கிழமை வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று நேபாளியில் விளக்கி, மருந்துச் சீட்டை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

இந்தச் சுயம்சேவிகாக்களைப் பற்றிப் போவதற்கு முன்பே நான் படித்திருக்க வேண்டும். 1988-இல் நேபாள அரசு தொடங்கிய திட்டம். இன்று நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். மாதச் சம்பளம் கிடையாது. ஊர் அவர்களை 'தீதி' என்கிறது, அக்கா. மாதம் ஒருமுறை தாய்மார்களைக் கூட்டிப் பேசுவது, கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு அனுப்புவது, வயிற்றுப்போக்குக்குக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை.

தீதி தன் பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டியபோது ஒரு சிறு குழாயை எடுத்து "நாபி மலம்" என்றார். நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நேபாளியில் மலம் என்றால் களிம்பு! குழந்தை பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் தடவும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. முன்பெல்லாம் எண்ணெய், மஞ்சள் என்று கைக்குக் கிடைத்ததைப் பூசுவார்களாம். இதே நாட்டின் சர்லாஹி மாவட்டத்தில் நடந்த ஆய்வில், இந்த மருந்தால் கொடியைச் சுத்தம் செய்த சிசுக்களிடையே இறப்பு 24 சதவீதம் குறைந்தது. 2006-இல் முடிவு வெளியானது. 2011 முதல் நாடெங்கும் கொண்டுபோனார்கள். எங்கள் ஆறு பெட்டிகளில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் தாய்மார் கூட்டத்தில் எங்கள் பாடம். படம் வரைந்த அட்டைகளோடு போயிருந்தோம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு அங்கே ஜீவன் ஜல் என்று பெயர். "ஒரு பொட்டலம், ஒரு லிட்டர் நீர்" என்று மனப்பாடம் செய்த நேபாளியில் சொன்னேன். முன்வரிசைப் பெண், ஒரு லிட்டர் எவ்வளவு என்று கேட்டார். அட்டையில் பாட்டில் படம் இருந்தது. அவர் வீட்டில் பாட்டில் இல்லை. நம் படி, ஆழாக்கு போல அவர்களுக்கு 'மானா', 'பாத்தி' என்று அளவைகள். எனக்கு அந்த அளவுகள் தெரியாது.

தீதி எழுந்தார். எல்லோரையும் வீட்டிலிருந்து தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவரச் சொன்னார். தன்னிடமிருந்த ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி ஒவ்வொரு செம்பிலும் ஊற்றி, நீர் நின்ற இடத்தில் உட்புறமாக ஆணியால் ஒரு கோடு கீறிக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் முடிந்தது. ஆணியைப் பிடித்துக் கீற நானும் உதவினேன்.

கடைசி நாள் வைட்டமின் ஏ கொடுக்கும் நாள். ஆண்டுக்கு இரண்டு முறை, பைசாக்கிலும் கார்த்திக்கிலும். கார்த்திகையில்தானே என்று கேட்டு இன்னொரு முறை அசடு வழிந்தேன். அவர்களுடைய பைசாக் நம் சித்திரை. கார்த்திக் நம் ஐப்பசி. ஆறு மாதம் முடிந்து ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நீலக் குளிகை, மேற்பட்டால் ஐந்து வயதுவரை சிவப்பு. நுனியைக் கத்தரியால் வெட்டி வாயில் பிழிய வேண்டும். என் முதல் குளிகை குழந்தையின் கன்னத்தில் போயிற்று. தீதி என் மணிக்கட்டைப் பிடித்து, எங்கே வைத்து எப்படிப் பிழிவது என்று காட்டினார். அதன் பிறகு பதினேழு குழந்தைகளுக்குச் சிந்தாமல் கொடுத்தேன்.

மாலையில் பதிவேட்டைப் பார்த்தால் ஒரு பெயருக்கு நேரே கோடு விழவில்லை. மேல் வீட்டுப் பையன். தீதியும் நானும் ஒரு மணி நேரம் மலையேறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்குப் பேச்சு நிற்கவில்லை. வீட்டில் பாட்டி மட்டும் இருந்தார். மகனும் மருமகளும் பையனைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறார்களாம், நாளை மதியம் வருவார்களாம்.

தீதி சலித்துக்கொள்ளவில்லை. ஒரு சிவப்புக் குளிகையைத் தாளில் பொதிந்து, இடுப்பில் சுற்றியிருந்த பட்டுகாத் துணிக்குள் செருகிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

எங்கள் பஸ் காலை ஆறு மணிக்கு.